பழகிப் போகாத இதயம்

வணக்கம் நேயர்களே.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பக்கம் வாகனம் ஓயாத காலி வீதி, மறுபக்கம் கடலோர ரயில் பாதை. நடுவில் குடியிருப்பவர்களிடம் சத்தத்தைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் பழகிப் போச்சு, டொக்டர்" என்பார்கள். பொய்யில்லை. குடிவந்த புதிதில் ஒவ்வொரு ரயிலுக்கும் திடுக்கிட்டு எழும்பியவர்கள், பிறகு அசையாமல் தூங்குவார்கள். ஆனால் இதயம் அந்தளவுக்குப் பழகுவதில்லை.

நள்ளிரவில் ஒரு பஸ்காரர் ஹோர்ன் அடிக்கிறார் என்று வையுங்கள். படுத்திருப்பவர் கண் திறக்கவில்லை. காதுக்கு இமை இல்லையே, சத்தம் மூளைக்குப் போய்விடுகிறது. மூளை அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டு அட்ரினலினைச் சுரக்க வைக்கிறது. நாடி வேகமாகிறது, இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, பிரஷர் ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். காலையில் கேட்டால், நல்ல நித்திரை என்பார்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் நான்கு விமான நிலையங்களுக்கு அருகே வசித்த 140 பேருக்கு, இரவில் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை பிரஷர் எடுத்தார்கள். முடிவு 2008இல் வெளிவந்தது. விமானச் சத்தம் கேட்ட நேரங்களில், பிரஷரின் மேல் அளவு சராசரியாக 6 புள்ளி ஏறியிருந்தது.

6 புள்ளிதானே என்று தோன்றும். ஆனால் இரவு என்பது பிரஷர் இறங்க வேண்டிய நேரம். ஆரோக்கியமான ஒருவருக்குப் பகலைவிட 10 முதல் 20 வீதம் வரை இறங்கும். இந்த ஓய்வு வருடக்கணக்காகக் கிடைக்காவிட்டால் குழாய்களின் உட்சுவர் கெட்டுப்போகும். வாகனச் சத்தம் 53 டெசிபலுக்கு மேல் ஒவ்வொரு 10 டெசிபல் கூடும்போதும் மாரடைப்பு போன்ற இதய நோய்க்கான ஆபத்து சுமார் 8 வீதம் ஏறுகிறது என்பது உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்ன கணக்கு. சிகரெட்டோடு பார்த்தால் இது சிறியதுதான். ஆனால் சிகரெட்டை விடலாம், காலி வீதியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சட்டம் இல்லாமலும் இல்லை. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இலேயே உத்தரவிட்டது. கோயிலோ விகாரையோ பள்ளிவாசலோ கலியாண வீடோ, அவரவர் சத்தம் மட்டும் அவரவருக்குச் சத்தமாகவே தெரியாது!

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? வீதிப் பக்க அறையைச் சாப்பாட்டு அறையாக்கி, பின்பக்க அறையில் படுங்கள். கொழும்புப் புழுக்கத்தில் யன்னலைச் சாத்துங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. காதடைப்பான் பலருக்கு உதவும். இயர்போனில் பாட்டைக் கூட்டி வைத்துச் சத்தத்தை மறைக்க வேண்டாம், அதுவும் சத்தம்தான். பிரஷர் குளிசை ஒழுங்காகப் போட்டும் அளவு இறங்காதவர்கள், அடுத்த கிளினிக்கில் உங்கள் படுக்கையறை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். 24 மணி நேரமும் பிரஷர் பதியும் கருவி இருக்கிறது. தேவையென்றால் அதைக் கட்டி இரவு அளவையும் பார்ப்பார்.

நன்றி, வணக்கம்.