ஆதாரம் இருந்தது, சொன்ன விதம்தான் சரியில்லை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். 'பணியிடத்தில் நம் கருத்தை ஏற்க வைப்பது கையிலுள்ள ஆதாரமா, அதை எடுத்துச் சொல்லும் திறமையா?' இதுதான் தலைப்பு. எடுத்துச் சொல்லும் திறமையே என்பது எங்கள் அணி.

எனக்கு முன்னால் பேசிய நண்பர், "உண்மை இருந்தால் போதும், அது தானாகப் பேசும்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். உண்மை தானாகப் பேசும் என்பதைக்கூட அவர் வந்துதான் பேச வேண்டியிருந்தது. சரி, இருக்கட்டும்.

1990 ஜனவரி 25. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த ஏவியாங்கா 52 விமானம், மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே சுற்ற வேண்டியதாயிற்று. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது. முதல் முறை தரையிறங்கவும் முடியவில்லை. எமர்ஜென்சி என்று சொல்லச் சொல்கிறார் கேப்டன். துணை விமானி என்ன செய்தார்? திரும்ப வேண்டிய திசையை உறுதிசெய்துவிட்டு, "மறுபடி முயல்கிறோம், எரிபொருள் தீர்ந்துவருகிறது" என்று அதோடு சேர்த்துச் சொன்னார். எமர்ஜென்சி என்ற சொல் கட்டுப்பாட்டு அறைக்குப் போகவே இல்லை. விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். எரிபொருளைச் சரியாகக் கவனிக்காததோடு, அவசர நிலையைத் தெரிவிக்காததையும் விசாரணை அறிக்கை காரணமாகச் சொன்னது. கண்ணெதிரே இருந்த ஆதாரம் யாருக்கு உதவியது, நண்பர்களே?

அலுவலகக் கூட்டங்களில் நடப்பதும் இதுதான். "தப்பா நினைக்காதீங்க, எனக்கென்னவோ இந்தத் தேதிக்குள்ள முடியாதோன்னு ஒரு சின்ன சந்தேகம்..." மேலாளர் காதில் விழுவது 'சின்ன சந்தேகம்' மட்டும்தான். திட்டம் அப்படியே ஓடும். அப்புறம், "நான் அன்றைக்கே சொன்னேனே" என்பார் இவர். எங்கே சொன்னார்? முனகினார்!

விமானத் துறையில் இப்போது இதற்கென்றே பயிற்சி உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கவலையைச் சொல்லி, பிரச்சினை இது, தீர்வு இது என்று பிரித்து வைக்க வேண்டும். கடைசியில், "ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டுப் பதில் வாங்க வேண்டும். அந்தக் கேள்வியில்தான் நம்மில் பலர் கோட்டைவிடுகிறோம். ஸ்லைடு ஸ்லைடாகக் காட்டிவிட்டு, 'நன்றி' போட்டு உட்கார்ந்துவிடுகிறோம். யார், என்றைக்குள், எதற்கு ஒப்புதல் தர வேண்டும் என்று கேட்பதே இல்லை. கேட்காததை யார் கொடுப்பார்?

மருத்துவத்திலும் ஒரு கதை உண்டு. வியன்னா மருத்துவமனையில் 1847-இல் டாக்டர் செம்மல்வைஸ், மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கைகழுவ வைத்தார். பிரசவ வார்டில் ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த தாய்மார் இறப்பு, சில மாதங்களில் 2 சதவீதம் அளவுக்கு இறங்கியது. இதைவிட வலுவான எண் வேண்டுமா? ஆனால் அதை விரிவான நூலாக அவர் வெளியிட்டது 1861-இல். மறுத்த மருத்துவர்களைக் கடுமையாகச் சாடிக் கடிதமும் எழுதினார். சக மருத்துவர்களில் பலர் கடைசிவரை ஏற்கவில்லை. அவர்கள் பிடிவாதமும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. அந்தப் பிடிவாதத்தைக் கரைக்கத்தானே பேசத் தெரிய வேண்டும்?

"அப்படியானால் வாய்ச்சவடால் பேர்வழிகள்தான் ஜெயிப்பார்களா?" என்று எதிரணி கேட்கும். தன்னம்பிக்கை என்பது குரலை உயர்த்துவதல்ல. "இது எனக்கு உறுதியாகத் தெரியும், இது தெரியாது, வியாழனுக்குள் பார்த்துச் சொல்கிறேன்" என்று தடுமாறாமல் சொல்வது. சவடால்காரருக்கு இது வராது. அவர் ஜெயிக்கிறார் என்றால், விஷயம் தெரிந்த எதிரணி நண்பர் அதே அறையில் ஆதாரத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார் என்று பொருள். அந்தப் பழியை எங்கள் அணி மேல் போடாதீர்கள், நடுவர் அவர்களே!