பத்துப் பேருக்கு நாற்பது முழம்

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.

அன்பான நேயர்களே, இன்றைய என் பேச்சு முக்கியமாக இளைஞர்களுக்கு. வீட்டில் உம்மாவோ வாப்பாவோ இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தால், அறைக்குள் ஃபோனும் கையுமாக இருக்கிற மகனையும் மகளையும் கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவன். கல்முனைப் பக்கம், கடலோர ஊர். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஊருக்குள் வந்தது. அன்று பின்னேர அஸர் தொழுகைக்குள் நான் பார்த்த காட்சியை இன்றும் மறக்கவில்லை. வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து என்னிடம் ஏச்சு வாங்கிய பையன்கள், யாரும் சொல்லாமலே வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் ஜனாஸாக்களைத் தூக்கினார்கள். சிலர் மையவாடியில் கபுறு வெட்டினார்கள். ஒருவன் ஒரு சி.ஆர். கொப்பியில் காணாமல் போனவர்களின் பெயர், வயது, கடைசியாக உடுத்திருந்த உடுப்பு எல்லாம் எழுதினான். பள்ளிவாசல் முற்றத்தில் கஞ்சி காய்ச்சினார்கள். பக்கத்துத் தமிழ் ஊர்ப் பிள்ளைகளும் வந்து அவர்களோடு நின்றார்கள். எவரும் எவரிடமும் ‘நீ எந்த இயக்கம், எந்தத் தெரு’ என்று கேட்கவில்லை.

மூன்று மாதம் போனது. நிவாரணம் வந்தது, கூடவே பேனரும் வந்தது. யார் பெயரை முதலில் போடுவது, சாமான் யார் கையால் கொடுபட வேண்டும், வந்த காசுக்குக் கணக்கு எங்கே என்று பேச்சு வந்தது. கணக்கு உண்மையில் ஒழுங்காக எழுதப்படவில்லை. எவரும் களவெடுத்ததாக நான் இன்றுவரை நம்பவில்லை, ஆனால் எழுதாத கணக்குக்கு என்ன பதில் சொல்ல முடியும்? அந்தக் கூட்டம் இரண்டாக உடைந்தது. ஒரே ஸப்பில் தொழுதவர்கள் ஆளுக்கொரு பள்ளிக்குப் போகத் தொடங்கினார்கள். அவர்களில் இரண்டு பேர், இருவரும் என் மாணவர்கள், இன்றைக்கும் சரியாக முகம் பார்த்து ஸலாம் சொல்வதில்லை.

இது என் மனதில் ஆறாத ஒரு புண். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல என்னால் முடியாது. ஒன்றாக ஓடுவதற்கு அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கத் தேவைப்படவில்லை. ஒன்றாக இருப்பதற்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். பெரியவர்களான நாங்கள் அதைச் செய்யவில்லை. ஆபத்து வந்தால் கூடிவிடுகிறோம், ஆபத்து விலகியதும் கலைந்துவிடுகிறோம். சமுதாயச் சீர்திருத்தம் என்பதோ சாதாரண நாட்களில் நடக்கிற வேலை. சுனாமி மாதிரி அது சத்தம் போட்டு உங்களை எழுப்பாது.

சரி, ஒன்றாக இருப்பது எப்படி? நமது தீனிலேயே இதற்கு வழி இருக்கிறது.

மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்களை எகிப்து மன்னன் ஃபிர்அவ்னிடம் போகும்படி அல்லாஹ் கட்டளையிட்டபோது அவர்கள் கேட்ட துஆவை ஸூரா தாஹாவில் ஓதிப் பாருங்கள். ‘என் குடும்பத்திலிருந்து எனக்கு ஓர் உதவியாளரைத் தா, என் சகோதரர் ஹாரூனைத் தா, அவரைக்கொண்டு என் முதுகைப் பலப்படுத்து, என் காரியத்தில் அவரையும் கூட்டாக்கு’ என்று கேட்கிறார்கள். அல்லாஹ்வோடு பேசிய நபி! கூடவே ஸூரா கஸஸில், ஹாரூன் என்னைவிடத் தெளிவாகப் பேசக்கூடியவர் என்றும் சொல்கிறார்கள். என்னைவிட இவனுக்கு இது நன்றாக வரும் என்று வாய் திறந்து சொல்லுகிற மனது. குழுவாக வேலை செய்ய வருகிறவர் முதலில் கொண்டுவர வேண்டிய மூலதனம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு சம்பவம். எங்கள் மிம்பர்களில் இது போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம். நபித்துவத்துக்கு முந்திய காலம். ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுக்கு அப்போது ஏறக்குறைய இருபது வயது. யெமன் தேசத்து ஸபீத் ஊர் வியாபாரி ஒருவர் மக்காவுக்குச் சரக்கோடு வந்தார். குறைஷிப் பிரமுகரான ஆஸ் இப்னு வாயில் சரக்கை வாங்கினார், காசு கொடுக்கவில்லை. வெளியூர்க்காரன் என்ன செய்வான்? யாரும் உதவிக்கு வராதபோது அவர் அபூ குபைஸ் மலையில் ஏறி நின்று, கஃபாவைச் சுற்றியிருந்தவர்களின் காதில் விழும்படி தனக்கு நேர்ந்த அநியாயத்தைக் கவிதையாகப் பாடினார்.

அந்தக் குரல் சிலரைச் சுட்டது. நபியவர்களின் பெரிய தந்தை ஸுபைர் இப்னு அப்துல் முத்தலிப் முன்னின்றார். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் பல கோத்திரத்தார் கூடினார்கள். மக்காவில் யார் அநியாயம் செய்யப்பட்டாலும், அவர் உள்ளூராக இருந்தாலும் வெளியூராக இருந்தாலும், அவருடைய உரிமை திரும்பக் கிடைக்கும்வரை ஒரே கையாக நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். பிறகு நேரே ஆஸிடம் போய் அந்த வியாபாரியின் உடைமையை மீட்டுக் கொடுத்தார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் என்பது அந்த உடன்படிக்கையின் பெயர். அதில் கலந்துகொண்டிருந்த நபியவர்கள், பல வருடங்களுக்குப் பிறகு, நபியாக இருந்த நிலையில் அதை நினைவுகூர்ந்து, அரபுகள் பெரும் சொத்தாக மதித்த சிவந்த ஒட்டகங்கள் கிடைப்பதைவிட அது தமக்கு விருப்பமானது, இஸ்லாத்திலும் அப்படி ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் போவேன் என்று சொன்னார்கள்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். அந்த வீட்டில் கூடியவர்கள் ஒரே கொள்கைக்காரர்கள் அல்ல. அதற்கு முந்திய போர்களின் காயங்கள்கூட ஆறியிருக்காது. ஒரேயொரு தெளிவான காரியத்தில் ஒன்றுபட்டார்கள், கூடிக் கலைந்துவிடாமல் எழுந்து போய் அந்தக் காரியத்தை முடித்தார்கள். இன்று நம் ஊர்களில் தவ்ஹீத், தரீக்கா, தப்லீக், ஜமாஅத் என்று பிரிந்து நிற்கிற வாலிபர்கள், ஒரு விதவையின் வாடகைப் பிரச்சினைக்கு, ஐஸ் போதைக்கு அடிமையான ஒரு பையனின் சிகிச்சைக்கு, ஒரே மேசையில் இருக்க முடியாதா? கொள்கை வித்தியாசத்தை யாரும் விட வேண்டியதில்லை. அந்தப் பையனின் உம்மா இரவில் அழும்போது எந்த இயக்கத்தின் பெயரைச் சொல்லியும் அழுவதில்லை.

வேலையைப் பிரிப்பதையும் நபியவர்களின் வாழ்க்கை வரலாறான ஸீராவிலிருந்தே படிக்கலாம். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, அஹ்ஸாப் யுத்தம். பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் ரழியல்லாஹு அன்ஹு சொன்ன யோசனைப்படி மதீனாவைக் காக்க அகழி தோண்டப்பட்டது. பத்துப் பேருக்கு நாற்பது முழம் என்று அளந்து கொடுத்தார்கள் என வரலாற்றில் வருகிறது. கணித வாத்தியாராக எனக்கு அந்த அளவு மிகவும் பிடிக்கும். ஆளுக்கு நாலு முழம். பசியிலும் குளிரிலும் ஒரு மனிதனால் தோண்ட முடிகிற அளவு. அதோடு தன் பங்கு எதுவென்று எவருக்கும் சந்தேகம் இல்லை. தலைவரோ தள்ளி நின்று உத்தரவு போடவில்லை. வயிற்றில் புழுதி படியும்வரை நபியவர்களே மண் சுமந்தார்கள் என்று புகாரியில் இருக்கிறது.

நம் ஊர்ச் சங்கங்களில் என்ன நடக்கிறது? தலைவர், உப தலைவர், செயலாளர், உப செயலாளர் என்று பதினைந்து பதவி. நாற்பது முழத்தை யார் தோண்டுவது என்று மட்டும் எழுதப்படுவதில்லை. பதவிப் பட்டியலை ஒதுக்கிவிட்டு வேலைப் பட்டியலை எழுதுங்கள். சனிக்கிழமை வகுப்புக்கு மண்டபத்தைத் திறப்பது யார், கூட்டுவது யார், இரண்டு கிழமை வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய்க் கேட்பது யார்.

இந்த நாட்டில் நமக்கு முன்னால் வாழ்ந்தவர்களும் இப்படித்தான் வேலை செய்தார்கள். அறிஞர் சித்திலெப்பை 1838இல் கண்டியில் பிறந்தவர், சட்டத்தரணி. ஆங்கிலம் படித்தால் மதம் மாறிவிடுவோம் என்று நமது மக்கள் பாடசாலையை ஒதுக்கியிருந்த காலத்தில், 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிக் கல்வி கல்வி என்று எழுதினார். 1884இல் கொழும்பில் ஒரு பாடசாலை திறந்தார். சில வருடங்களில் அது நின்றுபோனது. அந்த இடத்திலேயே மனம் உடைந்து அவர் உட்கார்ந்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அவரோடு ஆட்கள் இருந்தார்கள். வாப்பிச்சி மரைக்கார் என்ற கட்டட ஒப்பந்தக்காரர் இருந்தார், கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர். எகிப்திலிருந்து 1883இல் ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டு இங்கே வந்திருந்த ஒராபி பாஷா இருந்தார். 1892 ஆகஸ்டில் மருதானைப் பள்ளிவாசலை அண்டி மறுபடியும் பாடசாலை எழுந்தது. அதுதான் இன்றைய ஸாஹிராக் கல்லூரி.

ஒருவருக்கு எழுத்து, ஒருவருக்குக் கட்டடமும் காசும், ஒருவருக்கு மக்கள் மதிக்கிற ஆளுமை. தன் நாட்டையே இழந்து வந்த ஒரு படைத் தளபதி, தனக்கு மொழி தெரியாத ஒரு தீவின் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று கவலைப்பட்டிருக்கிறார்! சித்திலெப்பையின் பெயரை நாம் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். மற்றவர்களையும் சேர்த்தே சொன்னால்தான் பிள்ளைகளுக்கு உண்மை விளங்கும். இல்லாவிட்டால் இன்னொரு சித்திலெப்பை வரட்டும் என்று காத்துக்கொண்டே இருப்பார்கள்.

அப்புறம், ஏ. எம். ஏ. அஸீஸ். 1911இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, யாழ். இந்துக் கல்லூரியில் படித்து, இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதலாவது முஸ்லிம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் உத்தியோகமாகக் கல்முனைக்கு வந்தவர், எங்கள் பகுதிப் பிள்ளைகளின் கெட்டித்தனத்தையும் ஏழ்மையையும் ஒன்றாகக் கண்டார். தன் சம்பளத்திலிருந்து நாலு பிள்ளைக்கு உதவிவிட்டுத் திருப்திப்பட்டிருக்கலாம். அவர் பலரைச் சேர்த்து 1945இல் முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தை அமைத்தார். பின்பு 1950இல் ஊர் ஊராக இருந்த முஸ்லிம் வாலிபர் சங்கங்களை ஒன்று சேர்த்து வை.எம்.எம்.ஏ. பேரவையை உருவாக்கினார். அவர் 1973இல் மௌத்தானார். அவர் அமைத்தவை அவரோடு போய்விடவில்லை.

இனி உங்கள் காரியத்துக்கு வருகிறேன். ஒரு குழு தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊரையே திருத்தப் போகிறோம் என்று பெரிய பெயர் வைக்காதீர்கள். ஊரில் ஓ.எல்., அதாவது சாதாரண தரப் பரீட்சையில், கணிதம் தவறிய பிள்ளைகளின் விபரத்தை எடுங்கள், இந்த வருடம் நம் தெருவில் கணிதம் தவறுகிற பிள்ளை இருக்கக் கூடாது என்று நிய்யத் வையுங்கள். அல்லது சீதனமாக வீடு கேட்கும் கல்யாணம் எங்கள் கூட்டாளிகளுக்குள் வேண்டாம் என்று பத்து வாலிபர்கள் ஒன்றாக முடிவெடுங்கள். தனியாக ஒருவன் அப்படிச் சொன்னால் வீட்டில் உம்மா அழுவார், மாமி ஏசுவார், அவன் பணிந்துவிடுவான். பத்துக் கூட்டாளிகளும் பத்து வீட்டிலும் அதே பேச்சைப் பேசும்போது ஊர் வழக்கம் அசையத் தொடங்கும். பெண் பிள்ளையைப் பெற்ற வாப்பாமார் மத்திய கிழக்கிலே வெயிலில் கிடந்து கட்டுகிற வீடுகள் அவை. எத்தனை வாப்பாமாரின் முதுகு அதில் வளைந்தது என்று உங்களுக்கே தெரியும்.

காசு விஷயம். பத்து ரூபாய் வந்தாலும் எழுதுங்கள். இரண்டு பேர் கையெழுத்து. மாதம் ஒருமுறை பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் கணக்கை ஒட்டுங்கள். நல்லவன்தானே, நம்பலாம்தானே என்று விடாதீர்கள். நல்லவனுடைய மானத்தைக் காப்பதற்குத்தான் கணக்கு. என் மாணவர்கள் அன்று இதைச் செய்திருந்தால் அந்த இரண்டு பேரும் இன்று ஒரே பிளேன்டீக் கடையில் இருந்திருப்பார்கள்.

மஷூரா, அதாவது கலந்தாலோசனை, வட்ஸ்அப்பில் நடக்காது. அறிவித்தல் போட அது நல்லது. கருத்து வேறுபாடு வந்தால் நேரில் கூடுங்கள். எழுத்தில் கோபமாகத் தெரிகிற வசனம், முகத்தைப் பார்த்துக் கேட்டால் பாதிச் சூடு குறைந்துவிடும். தீர்மானம் உங்கள் விருப்பத்துக்கு மாறாகப் போனாலும் அதை உங்கள் தீர்மானமாகவே எடுத்து வேலை செய்யுங்கள். உஹத் யுத்தத்துக்கு முன் மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்ளலாம் என்பது நபியவர்களின் அபிப்பிராயமாக இருந்தது. பெரும்பாலும் வாலிபர்களாக இருந்தவர்கள் வெளியே போகலாம் என்றார்கள். நபியவர்கள் அதை ஏற்றுக் கவசம் அணிந்தார்கள். வாலிபர்களின் சொல்லுக்கு அந்த இடம் கொடுக்கப்பட்டது. இதைப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளில் இருக்கிற பெரியவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். பிள்ளைகள் வந்து மண்டபத்தின் திறப்பைக் கேட்டால், ‘நீங்கள் யாருடைய ஆட்கள்?’ என்று கேட்காதீர்கள். திறப்பைக் கொடுங்கள். சனிக்கிழமை ஒருநாள் நீங்களும் போய்ப் பின்வரிசையில் இருங்கள்.

தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. எங்கள் பல்கலைக்கழகங்களில் படிக்கிற நம் பெண் பிள்ளைகள் ஊருக்கு வந்ததும் அவர்களுடைய அறிவு நாலு சுவருக்குள் அடங்கிப்போகிறது. உங்கள் தெருவில் வாசிக்கச் சிரமப்படுகிற எட்டு வயதுப் பிள்ளைகள் யார் யார் என்று எந்த வாலிபர் சங்கத்தைவிடவும் உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் மூன்று பேர் சேர்ந்தால் ஒரு வீட்டு விறாந்தை போதும். ஆண்களின் குழு வந்து அழைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சோறு தின்றபின், உங்கள் கூட்டாளிகள் நாலு பேரைக் கூப்பிடுங்கள். அவர்களில் ஒருவராவது உங்களோடு கருத்து ஒத்துப்போகாதவராக இருக்கட்டும். ஒரு கொப்பி கொண்டுபோங்கள். முதல் பக்கத்தில் ஒரேயொரு வேலையை எழுதுங்கள், அதன் கீழே யாருக்கு எத்தனை முழம் என்று எழுதுங்கள். மாஷா அல்லாஹ், அஸர் பாங்கு சொல்வதற்குள் முடிந்துவிடும்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.