முதல் ரூபாய் மண்ணுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

நலச்சங்கக் கூட்டத்தில் 'நம்ம பார்க்கைச் சரி செய்யணும்' என்று ஒருவர் எழுந்தால், அடுத்த கேள்வி பெரும்பாலும் 'திறந்து வைக்க யாரைக் கூப்பிடலாம்?' என்பதாகத்தான் இருக்கிறது. அதற்கடுத்தது, ஊஞ்சலுக்கு என்ன நிறம். மூன்றாவதாக ஒருவர் கைப்பேசியில் படம் காட்டுவார்: மஞ்சளும் சிவப்புமாக ஒரு பிளாஸ்டிக் கோட்டை. காசு முழுவதும் அந்தக் கோட்டைக்குப் போகும். கார்த்திகை மழையில் கோட்டையைச் சுற்றி அகழி வரும். தை பிறக்கும்போது போல்ட்டில் துரு தெரியும்.

ஆகவே உபகரணத்தைக் கடைசியில் பேசுவோம். வரிசை இதுதான்: நிலம், நீர், மணல், பிறகு இரும்பு.

நிலத்தில் தொடங்குவோம். மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று விட்ட இடம்தானா என்பதை வாய்மொழியாக நம்பாதீர்கள். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமோ (சி.எம்.டி.ஏ.) நகர் ஊரமைப்பு இயக்ககமோ (டி.டி.சி.பி.) ஒப்புதல் தந்த மனைப்பிரிவு வரைபடத்தின் நகல், உள்ளாட்சிக்கு எழுதித் தந்த தானப்பத்திரம், நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் ஆகிய மூன்றும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். இப்போதைய விதிப்படி 10,000 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்த இடத்தின் அளவும் இன்று கம்பி வேலிக்குள் இருக்கும் அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று டேப் பிடித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் படிக்கட்டு இரண்டு அடி உள்ளே வந்திருந்தால், வேலை தொடங்கும் முன்பே பேசித் தீர்ப்பது நல்லது. 'சும்மா கிடக்கிற இடம்தானே, ஒரு கட்டடம் கட்டிவிடலாம்' என்று யாராவது கிளம்பினால், கோப்பில் இன்னொரு தாளையும் சேருங்கள். பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குத் தந்தது செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பி.எஸ்.முத்தப்பா வழக்கு என்று கேட்டால் வழக்கறிஞர்களுக்குத் தெரியும்.

பணத்துக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். இதில் கவனிக்க வேண்டியது மதிப்பீட்டுத் தாள். 'விளையாட்டு உபகரணம் ஒரு செட்' என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டால் மணலும் வடிகாலும் அதற்குள் வரவே வராது. உதவிப் பொறியாளரோடு உட்கார்ந்து ஜல்லி எத்தனை யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி), மணல் எத்தனை யூனிட், துளைக் குழாய் எத்தனை அடி என்று தனித்தனி வரிகளாக எழுதி வாங்குங்கள்.

இனிக் கணக்கு. சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு என்று வைத்துக்கொள்வோம்: 40-க்கு 60, 2,400 சதுர அடி. தெருவில் தார் மேல் தார் போட்டு, இடம் இப்போது சாலையை விட ஓர் அடி பள்ளம். இந்தப் பள்ளம்தான் முதல் நோய். பள்ளத்தை மேடாக்க, இலவசமாகக் கிடைக்கிறதே என்று கட்டட இடிபாட்டைக் கொட்டுகிறார்கள். டைல்ஸ் துண்டு, ஆணி, கண்ணாடி எல்லாம் இரண்டு மழைக்குப் பிறகு மேலே வரும். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு விளையாடும் இடம் இது.

ஊஞ்சலுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு சொல்லும் விதி எளிது: சங்கிலி தொங்கும் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் முன்னாலும், அதே அளவு பின்னாலும் காலியாக இருக்க வேண்டும். எட்டடி உயர ஊஞ்சல் என்றால் முன்னே 16, பின்னே 16, ஆக 32 அடி. ஒரு கிரவுண்டில் பாதி நீளம் போயிற்று. ஆறடி உயரம் போதும் என்று முடிவு செய்தால் 24 அடியில் முடியும். சிறிய பிள்ளைகளுக்கு ஆறடி தாராளம்; பெரிய பையன்கள் ஏறி நின்று ஆடும் ஆசையும் குறையும். அகலத்தில் இரண்டு ஊஞ்சல்தான், மூன்றாவது கூடாது. நடுவில் மாட்டிய பிள்ளை இறங்க வழியில்லாமல் அடிபடும். இரண்டு இருக்கைக்கு மூன்றடி, நடுவே இரண்டடி, இரு பக்கக் கால்களிலிருந்தும் இரண்டரை இரண்டரை அடி, ஆக பத்தடிச் சட்டம். பக்கவாட்டில் ஆறு ஆறு அடி சேர்த்தால் 22. ஊஞ்சலுக்கு 24-க்கு 22, 528 சதுர அடி. இதைப் பின்சுவர் மூலையில் வையுங்கள். வாசலுக்கும் ஊஞ்சலுக்கும் நடுவே யாரும் குறுக்கே ஓடாத மூலை அது.

பக்கத்தில் மீதி இருக்கும் 18 அடி அகலத்தில் சறுக்கு மரம் வரும். மேடை நாலடி உயரம், சாய்வு 30 டிகிரி, பலகை நீளம் எட்டடி, கீழே ஓர் அடி சமதளம், இரு விளிம்பிலும் நான்கு அங்குலத் தடுப்பு. படி, மேடை, சறுக்கு எல்லாம் சேர்த்து 15 அடி நீளம், மூன்றடி அகலம். சுற்றிலும் ஆறடி விட்டால் 27-க்கு 15, 405 சதுர அடி. தகடு சுடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர் நாட்டுக் கையேடுகள் சறுக்கை வடக்குப் பார்த்து வைக்கச் சொல்லும். சித்திரைக் கடைசியிலிருந்து ஆவணி தொடக்கம் வரை சென்னையில் உச்சி வெயில் தலைக்கு நேர்மேலேயோ சற்றே வடக்கிலோதான் நிற்கும். அந்த யோசனை இங்கே செல்லாது. நம் பிள்ளைகள் வருவது மாலை நான்கு மணிக்கு. மேற்கு பார்த்த சறுக்கு அப்போது தோசைக்கல். மேற்குப் பக்கம் புங்கனோ பூவரசோ வையுங்கள், சறுக்கைக் கிழக்கே திருப்புங்கள். விளையாட்டு இடத்தருகே மயில்கொன்றை (குல்மோகர்) மரம் வேண்டாம். கிளை எளிதில் முறியும், வேர் மேலோட்டமானது. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் அப்படி எத்தனையோ மரங்கள் தெருவில் கிடந்ததைச் சென்னை பார்த்தது. அரளி அழகுதான், ஆனால் விஷம்.

முன்பக்கம் 40-க்கு 33 மிச்சம். இதை நிரப்பாதீர்கள். பாண்டி, கண்ணாமூச்சி, கோலி, ஓடிப் பிடிப்பது எல்லாம் வெறும் தரையில்தான். 'ஷட்டில் கோர்ட் போடலாமே' என்று பெரியவர்கள் கேட்பார்கள். கோர்ட்டுக்கு 44 அடி நீளம் வேண்டும், நம்மிடம் இருப்பது 40. இந்த நான்கடிக் குறைக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குப் போகலாம். காலி இடம் வீண் என்ற எண்ணமே தவறு. ஆம்ஸ்டர்டாமில் ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞர் 1947 முதல் 1978 வரை 700-க்கும் மேற்பட்ட விளையாட்டு இடங்களை வடிவமைத்தார். இடிந்த வீடுகள் நின்ற காலி மனைகளும் அவற்றில் உண்டு. எங்கள் தெருவுக்கும் ஒன்று வேண்டும் என்று குடியிருப்போர் நகராட்சிக்குக் கடிதம் எழுதி வாங்கினார்கள். அங்கே இருந்தது ஒரு மணல் தொட்டி, தாண்டிக் குதிக்கச் சில கற்கள், தொங்க வளைந்த கம்பிகள், மீதி வெறும் தரை.

மண் வேலைக்கு வருவோம். ஊஞ்சலுக்கும் சறுக்குக்கும் சேர்த்து 933 சதுர அடி. அங்கே ஓர் அடி ஆழம் மண் எடுத்தால் ஒன்பது யூனிட்டுக்குச் சற்று மேல். அந்த மண்ணை வெளியே அனுப்பக் கூலி கொடுக்காதீர்கள். மீதி 1,467 சதுர அடியில் பரப்பி, தண்ணீர் விட்டு, திம்சுக் கட்டையால் இடித்தால் தரை அரை அடி உயரும். அதாவது ஓர் அடி தோண்டிய குழி இப்போது ஒன்றரை அடி ஆழம். கீழே அரை அடி ஜல்லி, மேலே ஓர் அடி மணல். இரண்டுக்கும் நடுவே, தண்ணீரை விட்டு மணலைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிக்க வேண்டும். துணி இல்லாவிட்டால் ஓரிரு வருடத்தில் மணல் ஜல்லிக்குள் இறங்கி வடிகால் அடைத்துக்கொள்ளும். ஜல்லிக்குள் நான்கு அங்குலத் துளைக் குழாயை வாட்டம் பார்த்துப் பதித்து, மூலையில் உறை இறக்கிய மழைநீர்க் குழிக்குக் கொண்டுபோங்கள். களிமண் பூமியில் குழி நீரை உறிஞ்சாது. முதலில் ஓர் அடிக் குழி வெட்டி, இரண்டு முறை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இரண்டாவது முறை ஊற்றியது மறுநாளும் நின்றால், மணல் படுகை வரை உறை இறங்க வேண்டும், அல்லது மழைநீர் வடிகாலில் சேர்க்க வேண்டும். அந்த உறைக்கு மூடி கனமாகவும் பூட்டோடும் இருக்கட்டும். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் நகரக்கூடிய மூடி என்றால் அது திறந்த கிணறு.

மணல் வாங்குவதில் ஏமாறாதீர்கள். பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் கான்கிரீட்டுக்கு நல்லது, இங்கே ஆகாது. அதன் துகள் முனை முனையாக இருக்கும், மாவும் கலந்திருக்கும். நாலு மழையில் தரைபோல இறுகும். வேண்டியது கழுவிய, உருண்டையான, 0.2 முதல் 2 மில்லிமீட்டர் வரையுள்ள மணல். கையில் அள்ளிப் பிடித்து விட்டால் விரலிடுக்கில் ஓட வேண்டும், உள்ளங்கையில் மாவு ஒட்டக் கூடாது. கடல் மணல் இரும்பைத் தின்றுவிடும். ஐரோப்பியத் தரமான இ.என். 1176, இரண்டு மீட்டர் வரையான வீழ்ச்சிக்கு 30 செ.மீ. மணல் கேட்கிறது. நம் ஓர் அடிக் கணக்கு அதிலிருந்து வந்ததுதான். செயற்கை ரப்பர் தரை போடலாமா என்றால் போடலாம். மே மாத மதியம் அதில் வெறுங்காலோடு நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இப்போது இரும்பு. பழைய ஊஞ்சல் சட்டத்தைத் தூக்கிப் போடுவதற்கு முன் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் உள்ளே குழாய் இருக்கிறது. சத்தம் அமுங்கினால் துரு தின்றுவிட்டது. தரையோடு ஒட்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். குழாய் எப்போதும் அங்கேதான் சாகும், மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே. காரணம், கான்கிரீட்டின் மேல்முகம் கிண்ணமாகக் குழிந்து, குழாயைச் சுற்றித் தண்ணீர் நிற்பது. புதிதாகப் போடும்போது மேல்முகத்தைக் குழாயிலிருந்து வெளிப்பக்கம் சரிவாகப் பூசுங்கள். நம் அமைப்பில் கான்கிரீட் மணலுக்குள் மறைந்திருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். தலை நீட்டினால் விழும் பிள்ளைக்கு அது கல். ஆனால் ஈர மணல் குழாயை அரிக்கும். கான்கிரீட்டுக்குள் ஒரு சாண், மணலுக்கு மேலே ஒரு சாண் வரை தார் பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள்.

குழாய், துத்தநாகம் பூசிய இரண்டு அங்குல ஜி.ஐ., நீலக் கோடு போட்ட பி கிளாஸ். மஞ்சள் கோடு மெலிசு, வேண்டாம். அஸ்திவாரக் குழி ஒன்றரைக்கு ஒன்றரை அடி, குழியின் அடித்தரையிலிருந்து இரண்டரை அடி ஆழம். நான்கு காலுக்கும் 1:2:4 கலவை (சிமெண்ட், மணல், ஜல்லி), நான்கு மூட்டை சிமெண்ட். ஏழு நாள் தண்ணீர் ஊற்றுவதோடு, பதினான்கு நாள் ஆகும்வரை சங்கிலியை மாட்டவே மாட்டாதீர்கள். 'யாரும் ஆடாதீங்க' என்று போர்டு வைப்பது பலகைக்குச் செலவு. வெல்டிங் செய்யும் இடத்தில் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட்டு ஒட்ட வேண்டும், அந்தப் புகையை மூச்சில் இழுக்கக் கூடாது. ஒட்டியதும் துத்தநாகம் செறிந்த பெயின்ட் கண்டிப்பாக வேண்டும். ரெட் ஆக்சைடு ஜி.ஐ. மேல் நிற்காது, தோல் உரிந்ததுபோல வரும். ஜி.ஐ. மேல் பெயின்ட் பிடிக்க முதல் பூச்சாக எட்ச் பிரைமர் கேட்டு வாங்குங்கள். வீட்டு, அலங்காரப் பெயின்ட்களில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்பது 2017 நவம்பர் முதல் சட்டம். தொழிற்சாலைப் பெயின்ட்டுக்கு அந்தக் கட்டு இல்லை, டின்னைப் படியுங்கள். பழைய பெயின்ட்டை உலர்வாகச் சுரண்டாமல் நனைத்துத் தேய்த்து, தூளைக் கீழே விரித்த தார்ப்பாயில் சேருங்கள்.

இருக்கைக்கு மரப்பலகையும் இரும்புத் தகடும் வேண்டாம். மண்டை உடைவது விழுந்து மட்டும் அல்ல, திரும்பி வரும் பலகையாலும்தான். கன்வேயர் பெல்ட் ரப்பரில் இருக்கை செய்யலாம். எஸ் கொக்கி மாட்டினால் அதன் வாயை ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லாமல் அடித்து மூடுங்கள். திறந்த வாயில் பாவாடை நாடாவும் துப்பட்டாவும் சிக்கும். கைப்பிடிக் கம்பிகளிலும் ஓர் அளவு நினைவிருக்கட்டும்: 9 செ.மீ.-க்கும் 23 செ.மீ.-க்கும் இடையேயான சந்து ஆபத்து. உடம்பு நுழையும், தலை நுழையாது.

பழைய டயரைப் பதித்தால் அடியில் துளை போடுங்கள், இல்லாவிட்டால் கொசுவுக்குத் தொட்டி கட்டியவர்கள் நாம்தான். வாசலில் அரை அடி மேடு எழுப்பி, தெருத் தண்ணீரைத் தடுங்கள். சக்கர நாற்காலி ஏற அந்த மேட்டுக்கு இரு பக்கமும் ஆறடிச் சரிவு தேவை. காரும் ஆட்டோவும் நுழையாமல் நடுவில் ஒரு தூண், மூன்றடி வழி விட்டு.

பராமரிப்புக்குக் கமிட்டி வேண்டாம், ஒரு தகர டப்பா போதும். 17, 19 ஸ்பேனர், கிரீஸ், நாலு எஸ் கொக்கி, ஒரு ஜோடி சங்கிலி, ஒரு நோட்டு. மாதம் ஒரு ஞாயிறு, இருபது நிமிடம். ஊஞ்சல் காலில் மணல் மட்டத்தில் சிவப்பாக ஒரு வளையம் அடித்துவிடுங்கள். வளையத்துக்குக் கீழே இரும்பு தெரிந்தால் மணல் குறைந்துவிட்டது. ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்கு முடியும் இடத்திலும் மணல் தினமும் உதைபட்டு ஒதுங்கும், விழுவதும் அங்கேதான். ரேக்கால் இழுத்துவிடுவதை எட்டு வயதுப் பிள்ளையே செய்யும். கொக்கி மூன்றில் ஒரு பங்கு தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும். மாற்றுச் சாமான் வரும்வரை ஊஞ்சலைச் சுருட்டிக் கயிற்றால் கட்டி வைக்காதீர்கள். கட்டினால் மாலைக்குள் அவிழ்ந்துவிடும். கழற்றி டப்பாவில் போடுங்கள்.

மண் வேலை பொங்கலுக்குப் பிறகு. அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, காசு கேட்காத வேலை. வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழை விட்டதும், தண்ணீர் வடிவதற்குள் அங்கே போங்கள். தேங்கிய நீரின் விளிம்பு நெடுக, நாலடிக்கு ஒன்றாகச் செங்கல் வையுங்கள். சுண்ணாம்புக் கோடு வேண்டாம், அடுத்த தூறலில் கரைந்துவிடும். தண்ணீர் வடிந்ததும் கொத்தனாரின் டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) ஒவ்வொரு செங்கல்லும் சாலையிலிருந்து எத்தனை அங்குலம் பள்ளம் என்று அளந்து, மனை வரைபடத்தின் நகலில் எழுதி வையுங்கள். உதவிப் பொறியாளரிடம் முதலில் நீட்ட வேண்டிய தாள் அதுதான்.