பரணில் கிடக்கும் பழைய ரௌட்டர்

வணக்கம் நேயர்களே. வீட்டில் இன்டர்நெட் ஒன்று, கம்ப்யூட்டர் மூன்று. இன்னொரு கனெக்‌ஷன் எடுக்கலாமா, பெரிய பிளானுக்கு மாறலாமா என்று பலரும் கேட்கிறார்கள். பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டுமே வேண்டாம். ஒரே கனெக்‌ஷனைப் பங்கிட்டுக் கொடுக்கத்தான் ரௌட்டர் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் முகவரி ஒன்றை வைத்துக்கொண்டு, உள்ளே ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அதுவே தனி முகவரி கொடுத்துவிடும்.

சிக்கல் சுவரில்தான். மும்பை மாட்டுங்காவில் பழைய கட்டடம் ஒன்று. ஹாலில் ரௌட்டர், கடைசி அறையில் பெண்ணுக்கு ஆன்லைன் வகுப்பு, நடுவே இரண்டு கனத்த சுவர்கள். "பெரிய பிளான் போட்டும் படம் அப்படியே நின்னுடறதேப்பா" என்றார் அந்த வீட்டு மாமி. பழைய ரௌட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். பரணிலிருந்து வந்தது, புடவைத் துணியில் சுற்றி, அடாப்டரோடு!

லாமிங்டன் ரோட்டில் கேபிள் வாங்கி, கதவு நிலையை ஒட்டி கிளிப் அடித்துக் கொண்டுபோனோம். பழைய ரௌட்டரில் மூன்றே வேலை. அதன் சொந்த முகவரி முதல் ரௌட்டரோடு மோதாதபடி மாற்றினேன். கம்ப்யூட்டர்களுக்கு முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி. வசதியை அதில் நிறுத்தினேன், வீட்டுக்குள் முகவரி கொடுக்க ஒரு ரௌட்டர் போதும். ஹாலிலிருந்து வந்த கேபிளை, வெளி இன்டர்நெட்டுக்கான வான் (WAN) போர்ட்டில் செருகாமல், வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கான லேன் (LAN) போர்ட்டில் செருகினேன். லேன் போர்ட், மறந்துவிடாதீர்கள். பெண்ணின் கம்ப்யூட்டரையும் பக்கத்து லேன் போர்ட்டில் வயர் போட்டு இணைத்தோம். அப்புறம் படம் நிற்கவே இல்லை.

கேபிள் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். கடையில் "பியூர் காப்பரா?" என்று கேளுங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கேபிளும் அதே உறையில், மலிவாக வருகிறது. மூலைக்கு மூலை வளைத்தால் உள்ளே முறிந்துவிடும். நுனியைக் கத்தியால் சுரண்டுங்கள்; வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உள்ளே எட்டுக் கம்பிகள் உண்டு. 100 எம்.பி.பி.எஸ். வேகத்துக்கு நான்கு போதும், ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்.பி.பி.எஸ்.ஸுக்கு, எட்டும் வேண்டும். நல்ல கேட் 5இ (Cat 5e) ரக கேபிள் 100 மீட்டர் வரை ஜிகாபிட் வேகம் தரும்; நம் மும்பை ஃபிளாட்டுக்கு அதில் கால்வாசிகூட வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன், பியூர் காப்பர்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். கம்ப்யூட்டர்கள் ஒரே அறையில் இருந்தால் ஒரு கேபிளைப் பல கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஐந்து போர்ட் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றே போதும். இரண்டு ரௌட்டரிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஓடினால், ஒன்றோடொன்று மோதாமலிருக்க ஒன்றுக்குச் சேனல் 1, மற்றதற்கு 6 அல்லது 11 வையுங்கள். பழைய ரௌட்டரின் பாஸ்வேர்டைக் கட்டாயம் மாற்றுங்கள். வணக்கம்.