தடிமன் மட்டும் போதாது

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்து பாருங்கள். எல்சிடி திரையை வெள்ளையாக வைத்து, போலரைஸ்டு கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு, திரை இருட்டாகத் தெரியும்வரை தலையைச் சாய்த்து, ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை நடுவில் பிடியுங்கள். நிறமே இல்லாத ஸ்கேலில் வானவில் ஓடும். வார்க்கும்போது அதன் மூலக்கூறுகள் ஒரு பக்கமாக இழுபட்டிருப்பதால், உள்ளே நுழைகிற ஒளி இரண்டாகப் பிரிந்து, ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பிந்தி வெளியே வருகிறது.

நம் விழித்திரையில், பார்த்ததை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பிழைகளின் படலமும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு கண்ணில் ஏறக்குறைய 10 லட்சம் இழைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் நீளவாக்கில் 25 நானோமீட்டர் தடிமனில் நுண்குழாய்கள். அந்த ஒழுங்கான அடுக்குதான் ஒளியைப் பிந்த வைக்கிறது. 780 நானோமீட்டர் லேசரை அனுப்பி, திரும்பி வரும் ஒளி எவ்வளவு பிந்தியது என்று பார்த்தால் படலத்தின் தடிமனைக் கணக்கிடலாம். இந்த இழைகளைக் கொல்லும் கண்நோயான கிளாக்கோமாவில் செத்த இழை திரும்ப வராது, அதனால் முன்கூட்டியே அளப்பது அவ்வளவு முக்கியம்.

ஆனால் வழியில் கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலமான கார்னியா நிற்கிறதே! அதுவும் ஒளியைப் பிந்த வைக்கும். ஆரம்பகாலக் கருவிகள் எல்லோருக்கும் ஒரே சராசரியைக் கழித்தன. கார்னியா ஆளுக்கு ஆள் மாறுவதால், நல்ல கண்ணையே நோயுள்ள கண் என்று காட்டிய நிலையும் உண்டு. சரி, என்ன செய்தார்கள் தெரியுமா? விழித்திரையின் நடுவில், மாக்குலாவில், இழைகள் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல எல்லாப் பக்கமும் சமமாக விரிந்திருக்கும். கார்னியா வழியே பார்க்கும்போது அந்தச் சமச்சீர் குலைந்து, 'போ டை' மாதிரி ஒரு உருவம் தெரியும். அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பதை வைத்தே அந்த ஆளின் கார்னியாவைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். கண்ணே தன் பிழைக்குத் திருத்தம் தருகிறது. இத்துறையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

இப்போது தடிமன் பார்க்க, விழித்திரையை ஒளியால் அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் வந்துவிட்டது, அதனால் இந்த முறை ஓரம் போய்விட்டது. அங்கேதான் எனக்கு மாற்றுக் கருத்து. குரங்குகளின் கண்ணில் நுண்குழாய்களைக் குலைக்கும் கோல்சிசின் மருந்தைச் செலுத்திப் பார்த்தபோது, படலத்தின் தடிமன் அப்படியே இருந்தது, ஒளி பிந்துவது மட்டும் குறைந்தது. சுவர் நிற்கிறது, உள்ளே கம்பி அரித்துவிட்டது என்ற மாதிரி. தளவிளைவையும், அதாவது ஒளி அதிரும் திசையையும், சேர்த்துப் பதிகிற ஓசிடி, தடிமன், ஒளி பிந்துவது இரண்டையும் ஒரே ஸ்கேனில் தருகிறது. பிந்திய அளவைத் தடிமனால் வகுத்து வருகிற அந்த எண்ணையும் ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள் என்றுதான் கண் மருத்துவர்களை நான் கேட்டுக்கொள்கிறேன்.