ஒரு கன்ட்ரோலர் எத்தனை ரோபோவைத் தாங்கும்?

[காட்சி: தனுஷ்கோடி கரை, விடிகாலை. இரண்டு வரிசையாக நின்று கரைவலை இழுக்கிறார்கள்.]

வலையின் இரண்டு கயிற்றையும் இரண்டு கூட்டம் இழுக்கிறது. ஒருவர் அம்பா, அதாவது வலை இழுக்கும் பாட்டு, பாடுகிறார். அவர் ஓர் அடியை முடிக்கும் நேரத்தில் அத்தனை பேரும் சேர்ந்து ஓர் இழுப்பு இழுக்க வேண்டும். ஒரு பக்கம் பிந்தினால் வலை கோணும், மீன் நழுவிவிடும்.

ராமநாதபுரத்தில் ஐடிஐ படிக்கும் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான்: "அண்ணே, ஒரு கன்ட்ரோலரை வைத்து எத்தனை ரோபோ ஓட்டலாம்?" ஒரே ஓர் எண்ணைச் சொல்வேன் என்று எதிர்பார்த்தான். "பாட்டு எவ்வளவு வேகம்?" என்று நான் திருப்பிக் கேட்டேன்.

கன்ட்ரோலர் என்பது ரோபோவின் மோட்டார்களை ஆட்டும் கணினி. அதுவும் பாடிக்கொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொரு 1 அல்லது 2 மில்லி செகண்டுக்கும் எல்லா சர்வோ மோட்டாரும் (சொன்ன இடத்தில் துல்லியமாக நிற்கும் மோட்டார்) எங்கே நிற்கிறது என்று படிக்கும், அடுத்து எங்கே போக வேண்டும் என்று கணக்குப் போடும், கட்டளை அனுப்பும். இதுதான் சைக்கிள் டைம். அதற்குள் வேலை முடியவில்லை என்றால் பிழை காட்டி நின்றுவிடும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே பிரித்துவிடுவோம். ஆறு ஆக்சிஸ், அதாவது ஆறு அசையும் மூட்டு உள்ள ரோபோ கைகள் பெரும்பாலும் சொந்தக் கன்ட்ரோலர் பெட்டியோடுதான் வரும். அந்தப் பெட்டிகளுக்கும் வரம்பு உண்டு: ஏபிபியின் ஐஆர்சி5 அதிகபட்சம் 4 ரோபோ, 36 ஆக்சிஸ், யாஸ்காவாவின் டிஎக்ஸ்200 என்றால் 8 ரோபோ, 72 ஆக்சிஸ். நம் பிஎல்சி (தொழிற்சாலை இயந்திரங்களை நடத்தும் கன்ட்ரோலர்) அவற்றிடம் "ஆரம்பி", "முடிந்ததா?" என்று மட்டும் பேசினால் சுமையே இல்லை. மோட்டார்களை நம் கன்ட்ரோலரே நேரடியாக ஆட்டும்போதுதான் தம்பியின் கேள்விக்கு அர்த்தம் வரும்.

[காட்சி: வாலிநோக்கம் உப்பளம். வெள்ளைக் குவியல்கள்.]

ஓர் உதாரணம். இங்கே விளையும் உப்பை ஒரு கிலோ பொட்டலமாக்கி, அட்டைப்பெட்டியில் அடுக்க டெல்டா ரோபோ போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கற்பனைதான், போய்த் தேடாதீர்கள். டெல்டா என்பது மேலிருந்து தொங்கும் சிலந்தி மாதிரி. மூன்று காலுக்கு மூன்று மோட்டார், பொட்டலத்தைத் திருப்ப ஒரு மோட்டார், ஆக நான்கு ஆக்சிஸ்.

ஒரு கைக்கு, அதாவது ஒரு முழு ரோபோவுக்கு, எவ்வளவு நேரம் செலவாகிறது? மீன் ஏலத்தில் கூடையோடு நிறுத்து, கூடை எடையைக் கழிப்பார்கள் இல்லையா, அதே வழிதான். ஒரு ரோபோவை ஓட்டி, வேலை முடிய எடுத்த அதிகபட்ச நேரத்தைக் குறியுங்கள். 550 மைக்ரோ செகண்டு என்று வைப்போம். இரண்டாவதையும் சேர்த்தால் 700. அப்படியானால் ஒரு கைக்கு 150. மீதி 400தான் கூடை: சென்சார் படிப்பது, திரைக்குத் தகவல் தருவது போன்ற நிலையான செலவு.

சைக்கிள் 2 மில்லி செகண்டு, அதாவது 2000 மைக்ரோ செகண்டு. அதில் 70 சதவீதத்துக்கு மேல் தொட மாட்டேன் என்பது என் சொந்தக் கணக்கு. 1400இல் 400 போனால் 1000. அதை 150ஆல் வகுத்தால் ஆறு கை.

இப்போது சைக்கிளை 1 மில்லி செகண்டாகக் குறையுங்கள். 700இல் 400 போனால் 300. இரண்டே கை! நேரம் பாதியானது, கைகளோ மூன்றில் ஒன்றாகிவிட்டன. கூடை எடை குறையவில்லை பாருங்கள்.

"அப்போ பாட்டை மெதுவாக்கி 4 மில்லி செகண்டு வைத்தால் என்ன?" என்றான் தம்பி. கணக்குப்படி 16 கை வரும், 64 ஆக்சிஸ். ஆனால் செகண்டுக்கு 2 மீட்டர் ஓடும் கை, ஒரு கட்டளைக்கும் அடுத்ததற்கும் நடுவே 8 மில்லிமீட்டர் போய்விடும். கேமரா சொல்லும் திருத்தமும் பிந்தும். அப்புறம் கேட்டலாக் வரம்பு வேறு. ஓம்ரானின் என்ஜே501-4500 மாடல் 64 ஆக்சிஸ் தாங்கினாலும் டெல்டா ரோபோ 8தான்.

ஒயர் தாங்குமா என்றும் பலர் பயப்படுகிறார்கள். கன்ட்ரோலரையும் மோட்டார்களையும் இணைக்கும் ஈதர்கேட் நெட்வொர்க் செகண்டுக்கு 100 மெகாபிட் வேகம். 32 சர்வோவுக்குத் தலா 30 பைட் என்றாலும் 960 பைட். 77 மைக்ரோ செகண்டில் போய்விடும். நெருக்கடி பெரும்பாலும் கணக்குப் போடும் இடத்தில்தான்.

அதிகபட்ச நேரம் என்று ஏன் அழுத்திச் சொன்னேன்? ஒரு பேக்கிங் லைனில் சராசரியை நம்பி ஆறு கை போட்டேன். பகல் முழுக்க அழகாக ஓடியது. இரவு ஷிப்டில் ஒருவர் அலாரம் பக்கத்தைத் திறந்தார், அதே நேரம் கேமராவும் படங்களை அனுப்பியது. சைக்கிள் மீறியது. ஆறு கையும் ஒரே நொடியில் செத்த மாதிரி நின்றன. பாக்கெட்டுகள் பெல்ட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

[காட்சி: மறுபடியும் கரை. வலை மேலே வந்துவிட்டது.]

"சரிண்ணே, ஏழு கை வேண்டுமென்றால்?" 70 சதவீதத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் ஏழையும் ஒன்றிலேயே நுழைத்துவிடலாம். நான் செய்ய மாட்டேன். நான்கும் மூன்றுமாகப் பிரித்து இரண்டு கன்ட்ரோலர் போடுவேன். ஒன்று படுத்தாலும் மற்றது உப்பை அடுக்கிக்கொண்டே இருக்கும்.