மறுபடி மறுபடி வரும் கல்

நேயர்களுக்கு வணக்கம். முக்கூடல் பக்கத்திலிருந்து ஓர் அக்கா என்னிடம் வந்தார்கள். பீடி சுற்றுகிறவர்கள். விலாவுக்குக் கீழே வலி பிடித்தால் மடியிலிருக்கும் தட்டை இறக்கி வைத்துவிட்டுச் சுருண்டு படுத்துவிடுவார்களாம். ஐந்து வருடத்தில் மூன்று முறை கல்லடைப்பு. மஞ்சள் பையிலிருந்து ஸ்கேன் சீட்டுகளை எடுத்து மேசை நிறையப் பரப்பினார்கள். அத்தனையிலும் தேடினேன், ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று ஒரு சீட்டிலும் இல்லை. கல்லை எடுத்தவர்கள், அது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்க்கவில்லை. எனக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

பரிசோதித்தோம். 11.6 இருந்தது. சாதாரணமாக 8.5-லிருந்து 10.5-க்குள் இருக்க வேண்டும்.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு சுரப்பிகள் உண்டு. பாராதைராய்டு என்பார்கள். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது இவற்றின் வேலை. பெரும்பாலும் நான்கில் ஒன்று வீங்கி, தேவையில்லாதபோதும் சுரந்துகொண்டே இருக்கும். எலும்பு கரையும், ரத்தத்தில் கால்சியம் ஏறும். இந்தச் சுரப்பு நீர், அதாவது பாராதைராய்டு ஹார்மோன், சிறுநீரகத்திடம் 'கால்சியத்தை வெளியே விடாதே' என்றுதான் சொல்கிறது. அப்புறம் எப்படிக் கல்? பாபநாசம் அணையில் மதகை அடைத்தாலும் ஐப்பசி மழையில் வரத்து மிஞ்சினால் தண்ணீர் வழியத்தானே செய்யும்! அப்படி மூத்திரத்தில் வழிகிற கால்சியம்தான் கல்லாகப் படிகிறது.

அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டெல் என்ற கப்பல் கேப்டனுக்கு, வீங்கிய சுரப்பியைத் தேடி ஆறு அறுவை சிகிச்சை செய்தும் கிடைக்கவில்லை. 1932-இல், ஏழாவது தடவை, நெஞ்சுக்குள் இருந்தது. எடுத்தார்கள். ஆனால் சில வாரங்களிலேயே, சிறுநீர்க் குழாயில் அடைத்த கல்லுக்குச் செய்த சிகிச்சைக்குப் பின் இறந்துபோனார்.

நம் வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடிப்பதால் வரும் கல்தான் அதிகம், சரி. சுரப்பியால் வருவது நூற்றில் சிலருக்கே. ஆனாலும் இரண்டாவது முறை கல் வந்தால், ரத்தக் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள். கல் என்றதும் பாலையும் மோரையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், அது எலும்புக்குத்தான் கேடு.

அந்த அக்காவுக்கு ஒரு சுரப்பியை எடுத்தார்கள். கடலைப் பருப்பு அளவுதான். மறுநாளே கால்சியம் இறங்கிவிட்டது. இடது சிறுநீரகத்தில் முன்பே இருந்த சின்னக் கல் மட்டும் அப்படியே இருக்கிறது. அறுவை சிகிச்சை பழைய கல்லைக் கரைக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து ஸ்கேன் பார்த்துக்கொள்கிறார்கள், பீடித் தட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கிறது.